வெப்பமண்டல ஈசினோபிலியா

வெப்பமண்டல ஈசினோபிலியா, யானைக்கால் நோயை உண்டாக்கும் ஃபைலேரியப் புழுவுக்கு எதிராக உடல் அளவுமீறிக் காட்டும் நோயெதிர்ப்பால் நுரையீரலில் ஏற்படும் அழற்சி நோய். இரவில் தொடரும் இருமல், இளைப்பு, மூச்சுத்திணறல், எடைக் குறைவு, இரத்தத்தில் ஈசினோபில் என்னும் வெள்ளையணுக்கள் பல மடங்கு பெருகுதல் ஆகியவை இதன் அடையாளங்கள். 1940 முதல் 1990 வரையிலான ஐம்பது ஆண்டுகளில் இந்நோயின் காரணமும் இயக்கமும் படிப்படியாக அறியப்பட்டன. அந்த அறிதலின் பெரும்பகுதி பழைய சென்னை மாகாணத்திலும் பின்னர் தமிழகத்திலும் நிகழ்ந்தது. நோயை உண்டாக்கும் உயிரியைவிட, அதை எதிர்க்கும் உடலின் அணுக்களே உறுப்பைச் சிதைக்கக்கூடும் என்பதற்கு நோயெதிர்ப்பியலில் எடுத்துக்காட்டாகக் கூறப்படும் நோய்களில் இதுவும் ஒன்று.

காவிரிப் படுகையும் ஃபைலேரியாவும்

தஞ்சைப் பகுதியில் யானைக்கால் நோய்க்கு நெடுங்காலமாக அறியப்பட்ட ஊர் கும்பகோணம். வேளாங்கண்ணி அமைந்துள்ள நாகப்பட்டினம் பகுதியும் 1991 வரை தஞ்சாவூர் மாவட்டத்தைச் சேர்ந்ததாகவே இருந்தது. கடலூர் முதல் நாகப்பட்டினம் வரையிலான கடலோரமும் காவிரிப் படுகையும் இந்நோய் பரவியிருந்த நிலப்பகுதிகள்.

தமிழகத்தில் இந்நோய்க்குக் காரணமான முதன்மைப் புழு வுச்செரேரியா பான்கிராஃப்டி. இதைப் பரப்புவது கியூலெக்ஸ் வகைக் கொசு. படுகை என்றதும் நெல்வயல் நீரே நினைவுக்கு வரும் என்றாலும், இந்தக் கொசு அதிகம் பெருகுவது ஊருக்குள் தேங்கும் சாக்கடை, கழிவுநீர்த் தொட்டி, பாழ்கிணறு, அசுத்தமடைந்த குட்டை ஆகியவற்றில்தான். மக்கள் நெருங்கி வாழ்ந்த, கழிவுநீர் வடிய வழியில்லாத பழைய நகரங்களில் நோய் நிலைத்ததற்கு இதுவே காரணம்.

முதிர்ந்த புழுக்கள் நிணநீர் நாளங்களில் ஆண்டுக்கணக்கில் வாழ்பவை. பெண்புழு ஈனும் நுண்குஞ்சுகள் மைக்ரோஃபைலேரியா எனப்படுகின்றன. கல்கத்தாவில் டிமோத்தி லூயிஸ் 1872-ல் இவற்றை மனித இரத்தத்தில் கண்டார். கொசுவின் உடலில் இவை வளர்வதைச் சீனாவின் அமாய் நகரில் பாட்ரிக் மேன்சன் 1877-ல் கண்டறிந்தார். பகலில் நுரையீரலின் இரத்த நாளங்களில் தங்கும் இந்தக் குஞ்சுகள், கொசு கடிக்கும் நள்ளிரவு வேளையில் வெளிப்புற இரத்த ஓட்டத்துக்கு வருகின்றன. ஃபைலேரியா தடுப்புப் பணியாளர்கள் இரவில் வீடுவீடாகச் சென்று விரல்நுனியில் இரத்தம் எடுத்தது இதனால்தான்.

வேளாங்கண்ணி மாதா கோயிலில் நோய் நீங்கியவர்கள் கை, கால், கண் போன்ற உறுப்புகளின் வடிவில் உலோகக் காணிக்கை செலுத்தும் வழக்கம் உண்டு. வீங்கிய காலைப் பார்த்த எவரும் யானைக்கால் என்று சொல்லிவிட முடியும். அதே புழு நுரையீரலில் உண்டாக்கும் நோய்க்கு அப்படி வெளியே தெரியும் உருவம் இல்லை. அதனால் அது ஒரு தனி நோய் என்று அறியப்படவே 1940 ஆயிற்று. அதுவரை அது வேறு பெயர்களில் அழைக்கப்பட்டது.

ஈசினோபில் அணு

இரத்தத்தின் வெள்ளையணுக்களில் ஒரு வகை ஈசினோபில். ஜெர்மானிய மருத்துவர் பால் எர்லிக் 1879-ல், ஈசின் என்னும் செந்நிறச் சாயத்தை விரும்பி ஏற்கும் துகள்கள் கொண்ட இந்த அணுவைப் பிரித்தறிந்து பெயரிட்டார். ஆரோக்கியமானவரின் இரத்தத்தில் ஒரு கன மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 500-க்குக் குறைவாகவே இவை இருக்கும். புழுத் தொற்றிலும் ஒவ்வாமையிலும் எண்ணிக்கை கூடும். வெப்பமண்டல ஈசினோபிலியாவில் இது பொதுவாக 3000-ஐத் தாண்டுகிறது. பல நோயாளிகளிடம் பத்தாயிரங்களில் செல்வதும் உண்டு.

ஈசினோபிலியா என்ற சொல்லுக்கு இந்த அணுக்கள் மிகுந்திருத்தல் என்பது மட்டுமே பொருள். அது ஓர் இரத்தப் பரிசோதனை முடிவு. வெப்பமண்டல ஈசினோபிலியா என்பது அந்த முடிவோடு குறிப்பிட்ட காரணமும் குறிப்பிட்ட சிகிச்சையும் கொண்ட நோய். பேச்சு வழக்கில் இரண்டும் ஒன்றாகிவிட்டன.

ஆரோக்கியவரம், 1940

சென்னை மாகாணத்தின் சித்தூர் மாவட்டத்தில், மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரத்தில் கிறிஸ்தவ மிஷன்கள் கூட்டாக நடத்திய காசநோய் மருத்துவமனை இருந்தது. தென்னிந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் காசநோயாளிகள் அங்கு அனுப்பப்பட்டனர். அதன் தலைவராக இருந்தவர் டேனிஷ் மருத்துவர் கிறிஸ்டியன் ஃப்ரிமோட் மோலர்.

அங்கு வந்தவர்களில் சிலரின் நுரையீரல் எக்ஸ்ரே படத்தில் இருபுறமும் சிறுசிறு புள்ளிகள் பரவியிருந்தன. இருமலும் காய்ச்சலும் எடைக் குறைவும் இருந்தன. சளியில் மட்டும் காசநோய்க் கிருமி இல்லை. இரத்தத்தில் ஈசினோபில் மிக அதிகமாக இருந்தது. ஃப்ரிமோட் மோலரும் ஆர்.எம். பார்ட்டனும் 1940-ல் இந்தியன் மெடிக்கல் கெசட் இதழில் இந்த நிலையைக் காசநோய் போலத் தோன்றும் ஒரு நோயாக விவரித்தனர்.

இந்த வேறுபாட்டைக் கண்டது அன்றைய சூழலில் முக்கியமானது. காசநோய்க்கு அப்போது பயனுள்ள மருந்து இல்லை. மாதக்கணக்கில் படுக்கை ஓய்வும் நல்லுணவும், சிலருக்கு நுரையீரலைச் சுருக்கும் சிகிச்சையும் மட்டுமே இருந்தன. காசநோய் என்று முத்திரை விழுந்தவர் வேலையையும் குடும்ப உறவையும் இழக்க நேர்ந்தது. தனக்கு இல்லாத நோய்க்காக ஒருவர் வீட்டைப் பிரிந்து கிடப்பதைத் தடுக்கும் முதல் வழியை இந்தக் கட்டுரை காட்டியது. நோயின் காரணம் மட்டும் தெரியவில்லை.

பெயரும் முதல் சிகிச்சையும்

இந்தியாவில் பணியாற்றிய ஆர்.ஜே. வைன்கார்ட்டன் 1943-ல் லான்செட் இதழில் 81 நோயாளிகளைப் பற்றி எழுதினார். வெப்பமண்டல ஈசினோபிலியா என்ற பெயரை நோய்க்கு அளித்தவர் அவரே. சிபிலிஸ் நோய்க்கு அன்று தரப்பட்ட ஆர்செனிக் ஊசி மருந்து இந்த இருமலையும் இளைப்பையும் குறைப்பதாக அவர் கண்டார். அடுத்த பத்தாண்டுகளுக்கு மேல் அதுவே சிகிச்சையாக இருந்தது. ஆர்செனிக் நச்சுத்தன்மை உடையது என்பதால் சிகிச்சையே ஆபத்தாகும் வாய்ப்பும் இருந்தது.

ஆர்செனிக் ஏன் பலன் தருகிறது என்பது விளங்கவில்லை. ஏதோ ஒரு கிருமியோ ஒட்டுண்ணியோ சாகிறது என்று ஊகிக்க மட்டுமே முடிந்தது. 1939-லேயே டச்சுக் கிழக்கிந்தியாவில் மேயர்ஸ், கௌவெனார் என்ற இருவர், ஈசினோபில் மிகுந்த நோயாளிகளின் வீங்கிய நிணநீர்க் கணுக்களில் மைக்ரோஃபைலேரியாவின் எச்சங்களைக் கண்டு எழுதியிருந்தனர். ஆனால் இருமி வாடும் நோயாளிகளின் இரத்தத்தை நள்ளிரவில் எடுத்துப் பார்த்தபோதும் மைக்ரோஃபைலேரியா கிடைக்கவில்லை. புழு இல்லாத இரத்தத்தை வைத்துக்கொண்டு இது புழுவால் வந்த நோய் என்று சொல்வது கடினமாக இருந்தது.

சுப்பாராவின் மருந்து

இந்தச் சிக்கலில் ஒரு திருப்பம் மருந்து வழியாக வந்தது. எல்லாப்ரகட சுப்பாராவ் 1895-ல் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, 1920களில் அமெரிக்கா சென்றவர். லெடர்லி மருந்து நிறுவனத்தில் அவர் தலைமையில் இயங்கிய ஆய்வுத்துறை, டைஎதில்கார்பமசின் என்னும் வேதிப்பொருள் ஃபைலேரியப் புழுக்குஞ்சுகளை அழிப்பதை 1947-ல் வெளியிட்டது. ஹெட்ராசான் என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. சுருக்கமாக டி.இ.சி. என்று அழைக்கப்படும் இம்மருந்தே பின்னர் தமிழகத்தில் வீடுவீடாக வழங்கப்பட்ட யானைக்கால் மாத்திரை. சுப்பாராவ் 1948-ல் காலமானார்.

1950களில் இந்தியாவிலும் சிங்கப்பூரிலும் மருத்துவர்கள் இதை வெப்பமண்டல ஈசினோபிலியாவுக்குத் தந்து பார்த்தனர். டி.ஜே. தனராஜ் 1958-ல் இம்மருந்தின் பலனை விரிவாகப் பதிவுசெய்தார். பின்னாளில் கோலாலம்பூரில் மலாயா பல்கலைக்கழக மருத்துவப் புலத்தின் முதல் தலைவரானவர் இவர். நோயாளிகளின் இரத்தநீர் ஃபைலேரியப் புழுச்சாற்றுடன் வினைபுரிவதையும் இவரது குழு காட்டியது. ஃபைலேரியாவுக்கான மருந்தில் நோய் குணமாகிறது, இரத்தத்தில் ஃபைலேரியாவுக்கு எதிரான எதிர்ப்புரதம் இருக்கிறது, புழு மட்டும் கண்ணில் படவில்லை என்ற நிலை உருவானது.

வேலூர், 1960

புழுவை நேரில் காட்டியது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. குழந்தை மருத்துவர் ஜே.கே.ஜி. வெப், நோய்க்குறியியலாளர்கள் சி.கே. ஜாப், ஈ.டபிள்யூ. கால்ட் ஆகிய மூவரும் நோயாளிகளின் நுரையீரல், கல்லீரல், நிணநீர்க் கணு ஆகியவற்றிலிருந்து எடுத்த திசுக்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்தனர். திசுவுக்குள், ஈசினோபில் அணுக்கள் சூழ்ந்திருக்க, மைக்ரோஃபைலேரியா இருந்தது. 1960-ல் லான்செட் இதழில் இந்த முடிவு வெளிவந்தது. சி.கே. ஜாப் பின்னர் தொழுநோய் நோய்க்குறியியலில் உலக அளவில் அறியப்பட்டார்.

இரத்தத்தில் ஏன் புழு இல்லை என்ற கேள்விக்கு வேலூர் ஆய்வு விடையளித்தது. புழுக்குஞ்சுகள் பிறக்கின்றன. ஆனால் அவை இரத்தத்தில் உலவ விடப்படுவதில்லை. நுரையீரலிலும் பிற உறுப்புகளிலும் நோயெதிர்ப்பு அணுக்களால் பிடிக்கப்பட்டு அங்கேயே அழிக்கப்படுகின்றன.

எந்தப் புழு?

எந்த ஃபைலேரியா என்பதில் கருத்து வேறுபாடு நீடித்தது. ஜே.ஜே.சி. பக்லி 1958-ல் விலங்குகளின் ஃபைலேரியப் புழுக்களை இந்நோயுடன் தொடர்புபடுத்தினார். மனித உடலில் முழுமையாக வாழ இயலாத விலங்குப் புழு என்பதால்தான் உடல் இத்தனை கடுமையாக எதிர்க்கிறது என்ற விளக்கம் பலருக்கு ஏற்புடையதாக இருந்தது.

இதைச் சோதித்த ஆய்வு சென்னையில் நடந்தது. சேத்துப்பட்டில் 1956-ல் தொடங்கப்பட்ட காசநோய் ஆய்வு நிறுவனம் அதன் களம். நிறுவனத்தின் எஸ்.பி. திரிபாதி, ஆர்.எஸ். பராஞ்சபே, சென்னையின் புகழ்பெற்ற பொதுமருத்துவப் பேராசிரியர் கே.வி. திருவேங்கடம், அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த எரிக் ஒட்டசன், ஃபிராங்க்ளின் நேவா ஆகியோர் அதில் பங்கேற்றனர். நோயாளிகளின் இரத்தத்திலுள்ள பேசோபில் அணுக்கள் எந்தப் புழுவின் சாற்றைச் சந்திக்கும்போது ஹிஸ்டமின் வெளியிடுகின்றன என்று ஒப்பிட்டனர். மனிதரைத் தாக்கும் ஃபைலேரியாவுக்கே அணுக்கள் மிகுதியாக வினையாற்றின. 1979-ல் வெளியான இந்த முடிவு, நோய்க்குக் காரணம் ஊரில் எல்லோரையும் தொற்றும் அதே புழுவே என்ற பக்கம் எடையைச் சாய்த்தது.

அதனால் கேள்வி புழுவிலிருந்து மனிதனுக்கு மாறியது. ஒரே தெருவில், ஒரே கொசுக் கூட்டத்தின் கடிக்கு ஆளானவர்களில் பெரும்பாலோருக்கு நுரையீரலில் எதுவும் ஏற்படவில்லை. சிலர் இரத்தத்தில் எண்ணற்ற புழுக்குஞ்சுகளுடன் எந்தத் தொல்லையும் இன்றி உழைத்தனர். சிலருக்குக் கால் வீங்கியது. தொற்றுக்கு ஆளானவர்களில் நூற்றில் ஒருவருக்கும் குறைவானவரே நுரையீரல் நோய்க்கு உள்ளாயினர். இரத்தத்தில் புழு நிறைந்தவருக்கு இருமல் இல்லை, இருமுகிறவரின் இரத்தத்தில் புழு இல்லை என்ற முரணுக்கு விடை காண வேண்டியிருந்தது.

நுரையீரலைக் கழுவிப் பார்த்த ஆய்வு

1980களில் நுரையீரலின் உள்ளே நடப்பதை நேரடியாகக் காணும் முறை வந்தது. மூச்சுக்குழாய்க்குள் மெல்லிய குழாய்க் கருவியைச் செலுத்தி, நுரையீரலின் ஒரு பகுதியை உப்புநீரால் கழுவி, அந்த நீரை மீண்டும் உறிஞ்சி அதிலுள்ள அணுக்களை எண்ணுவது அம்முறை. காசநோய் ஆய்வு நிறுவனத்தில் வி.கே. விஜயன், வி. குமாரசுவாமி, ஆர். பிரபாகர் ஆகியோர், அமெரிக்கக் குழுவினரான ரொனால்ட் கிரிஸ்டல், தாமஸ் நட்மன், எரிக் ஒட்டசன் ஆகியோருடன் இணைந்து இதைச் செய்தனர்.

1987-ல் வெளியான ஆய்வு, நோயாளிகளின் நுரையீரல் கழுவுநீரில் அணுக்களின் மொத்த எண்ணிக்கை பல மடங்கு கூடியிருப்பதையும், அவற்றில் ஏறத்தாழ பாதி ஈசினோபில் அணுக்களே என்பதையும் காட்டியது. ஆரோக்கியமான நுரையீரலில் ஈசினோபில் அரிதாகவே காணப்படும். டி.இ.சி. தந்து இரண்டு வாரங்களுக்குள் இந்த எண்ணிக்கை வெகுவாகச் சரிந்தது. நோயாளியின் மூச்சும் எளிதானது. 1989-ல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, ஃபைலேரியாவுக்கு எதிரான எதிர்ப்புரதங்கள் நுரையீரலிலேயே குவிந்திருப்பதைக் காட்டியது. இரத்தத்தில் மிகுந்திருந்தது நுரையீரலில் நடந்த போரின் வெளிப்புற அடையாளம் மட்டுமே என்பது இதனால் உறுதியானது.

அழற்சியின் இயக்கம்

இந்த ஆய்வுகளிலிருந்து உருவான விளக்கம் பின்வருமாறு. ஃபைலேரியப் புழு நெடுங்காலம் உயிர்வாழ வேண்டுமானால் மனித உடலின் எதிர்ப்பை அடக்கியாக வேண்டும். பெரும்பாலானவர்களிடம் அது வெற்றி பெறுகிறது. எதிர்ப்பைத் தணிக்கும் இன்டர்லூக்கின் 10 போன்ற சைகைப் புரதங்களும், அழற்சியைத் தூண்டாத ஐஜிஜி 4 என்னும் எதிர்ப்புரதமும் அவர்களிடம் மிகுந்து காணப்படுகின்றன. இரத்தத்தில் புழுக்குஞ்சு உலவினாலும் உடல் அமைதியாக இருக்கிறது.

வெப்பமண்டல ஈசினோபிலியா நோயாளிகளிடம் இந்த அடக்குமுறை நிகழ்வதில்லை. உதவி டி அணுக்களில் ஒரு வகை, இன்டர்லூக்கின் 4, இன்டர்லூக்கின் 5 ஆகிய புரதங்களைப் பெருமளவில் வெளியிடுகிறது. முதலாவது, ஒவ்வாமையுடன் தொடர்புடைய ஐஜிஇ எதிர்ப்புரதத்தைப் பெருக்குகிறது. 1966-ல் ஜப்பானிய அறிவியலாளர்களான இஷிசாகா தம்பதியர் கண்டறிந்தது இந்த எதிர்ப்புரதத்தைத்தான். இரண்டாவது, எலும்பு மஜ்ஜையில் ஈசினோபில் உற்பத்தியைத் தூண்டுகிறது. நுரையீரலின் நுண்நாளங்களில் வந்து தங்கும் புழுக்குஞ்சை எதிர்ப்புரதங்கள் மூடுகின்றன. ஈசினோபில்கள் அதைச் சூழ்ந்து தம் துகள்களைக் கொட்டுகின்றன.

அந்தத் துகள்களில் உள்ள புரதங்கள் புழுவின் தடித்த தோலையே சிதைக்க வல்லவை. நுரையீரலின் மென்மையான உட்படலமும் அவற்றுக்குத் தப்புவதில்லை. மேலும், நோயாளிகளிடம் வலுவான ஐஜிஇ எதிர்ப்பைத் தூண்டும் ஒரு ஃபைலேரியப் புரதம், மனித நுரையீரலிலும் உள்ள காமா குளூட்டமைல் டிரான்ஸ்பெப்டிடேஸ் நொதியை ஒத்திருப்பது 1990களில் அறியப்பட்டது. புழுவை நோக்கி எழுந்த எதிர்ப்பு சொந்த உறுப்பையும் அடையாளம் தவறித் தாக்கக்கூடும் என்பதற்கு இது ஒரு தடயமாகக் கருதப்படுகிறது.

டி.இ.சி. மருந்தும் தனியே இயங்குவதில்லை. ஆய்வகக் குப்பியில் அது புழுக்குஞ்சை எளிதில் கொல்வதில்லை. உடலின் நோயெதிர்ப்புடன் சேரும்போதே அதன் வலிமை வெளிப்படுகிறது.

ஆறாத அழற்சி

மூன்று வார டி.இ.சி. சிகிச்சை இந்நோய்க்குரிய வழக்கமான மருத்துவம். பெரும்பாலோருக்குச் சில நாட்களிலேயே இருமல் தணியும். இதனால் இது முழுமையாகக் குணமாகும் நோய் என்றே கருதப்பட்டது. 1990-ல் வில்லியம் ரோம், விஜயன் உள்ளிட்டோர் வெளியிட்ட ஆய்வு இந்த நம்பிக்கையைத் திருத்தியது. சிகிச்சை பெற்று மாதங்கள் கடந்தவர்களின் நுரையீரலை மீண்டும் கழுவிப் பார்த்தபோது, ஒரு பகுதியினரிடம் ஈசினோபில் அழற்சி குறைந்த அளவில் தொடர்வது தெரிந்தது. அந்த அணுக்கள் திசுவைச் சிதைக்கும் ஆக்சிஜன் சேர்மங்களை வெளியிட்டுக்கொண்டிருந்தன.

இத்தகைய அழற்சி ஆண்டுகள் கடந்தால் நுரையீரலில் தழும்பு படிகிறது. தழும்பு படிந்த நுரையீரல் விரிவதில்லை. இரவு இருமலாகத் தொடங்கியது, நடக்கும்போதே மூச்சு வாங்கும் நிலையாக முடியக்கூடும். தாமதமாகச் சிகிச்சைக்கு வந்தவர்களுக்கும் நோய் திரும்பியவர்களுக்கும் இந்த ஆபத்து அதிகம். மருந்து தந்ததும் நோயாளியை அனுப்பிவிடாமல் பின்தொடர வேண்டும் என்பதே இந்த ஆய்வின் நடைமுறைப் பயன்.

இன்றைய நிலை

உலக சுகாதார மாமன்றம் 1997-ல் யானைக்கால் நோயை ஒழிக்கும் தீர்மானத்தை நிறைவேற்றியது. சென்னை ஆய்வுகளில் பங்கேற்ற எரிக் ஒட்டசன் உலக சுகாதார நிறுவனத்தில் அத்திட்டத்தை வழிநடத்தியவர்களில் ஒருவர். இந்தியாவில் 2004 முதல் நோயுள்ள மாவட்டங்களில் ஆண்டுக்கு ஒருமுறை மாத்திரை வழங்கும் திட்டம் விரிவாக நடைபெற்றது. தமிழகத்தில் பல மாவட்டங்களில் தொற்று வெகுவாகக் குறைந்து, மாத்திரை வழங்கல் நிறுத்தப்பட்டு, கண்காணிப்பு நடைபெறுகிறது. புழு குறைந்ததால் வெப்பமண்டல ஈசினோபிலியாவும் அரிதாகிவருகிறது.

அரிதாகும் நோய் எளிதில் மறக்கப்படும். இரவு இருமலும் இளைப்பும் உள்ளவருக்கு ஆஸ்துமா என்றோ, சளியில் கிருமி இல்லாத காசநோய் என்றோ முடிவெடுக்க இன்றும் வாய்ப்பு உள்ளது. மறுபுறம், தும்மலுக்கும் தோல் அரிப்புக்கும் எடுத்த இரத்தப் பரிசோதனையில் ஈசினோபில் சற்றுக் கூடியிருந்தாலே ஈசினோபிலியா நோய் என்று அஞ்சுபவர்களும் உண்டு. ஃபைலேரியா பரவிய பகுதியில் வாழ்ந்தது, 3000-ஐத் தாண்டிய ஈசினோபில், மிக உயர்ந்த ஐஜிஇ, ஃபைலேரியாவுக்கு எதிரான எதிர்ப்புரதம், டி.இ.சி. மருந்துக்கு விரைவான பலன் ஆகியவை சேர்ந்து அமையும்போதே இந்நோய் உறுதிசெய்யப்படுகிறது. வேலை தேடி வெளிநாடு சென்ற தென்னிந்தியர்களிடம் இந்நோய் தோன்றும்போது, யானைக்கால் நோயையே பார்த்திராத மருத்துவர்களிடம் அவர்கள் செல்ல நேர்கிறது. பிறந்து வளர்ந்த ஊரைக் கேட்டறிவது அங்கே நோயறிதலின் முதல் படி.

வரலாற்று இடம்

யானைக்கால் நோயின் வரலாறு பெரும்பாலும் புழு, கொசு, மாத்திரை ஆகிய மூன்றின் வரலாறாகவே எழுதப்படுகிறது. வெப்பமண்டல ஈசினோபிலியா அதில் நான்காவதாக மனித உடலின் எதிர்வினையைச் சேர்த்தது. ஆரோக்கியவரத்தில் காசநோயிலிருந்து பிரித்தறியப்பட்டு, வேலூரில் திசுவில் காணப்பட்டு, சென்னையில் அணு அளவில் விளக்கப்பட்ட நோய் இது. ஈசினோபில் அணு காவலாகவும் கேடாகவும் இயங்குவதை மனித நுரையீரலிலேயே காட்டிய இந்த ஆய்வுகள், ஆஸ்துமா உள்ளிட்ட பிற ஈசினோபில் நோய்களைப் புரிந்துகொள்ளவும் உதவின. அவற்றுக்கு அடிப்படையாக அமைந்தது, தம் நுரையீரல் கழுவிப் பார்க்கப்படுவதற்கு இசைந்த தென்னிந்திய நோயாளிகளின் ஒத்துழைப்பு.